சாக்லெட் உறையில் பாலும் கொக்கோவும்

ஊதா நிற உறையிட்ட டெய்ரி மில்க் சாக்லெட்டை அறியாத பிள்ளைகள் இந்நாட்டில் அரியர். அதன் உறையின்மேல் கிளாஸ்களிலிருந்து பால் வழியும் சித்திரம் காணப்படும். சாக்லெட்டுக்கு நிறமும் மணமும் தருவது கொக்கோ. உறையில் முதலிடம் பெற்றதோ பால். இஃது எங்ஙனம் நேர்ந்தது என்று ஆராயப் புகுந்தால், விளம்பரத்தின் வரலாறு மட்டுமன்று, தோட்டத் தொழிலாளரின் வரலாறும் எதிர்ப்படும்.

1824ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஜான் காட்பரி என்பார் ஒரு கடை திறந்தார். தேயிலை, காப்பியோடு கொக்கோப் பானமும் அங்கு விற்கப்பட்டது. அவர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், மதுவை வெறுத்தவர். மதுவுக்கு மாற்றாக மக்கள் கொக்கோ பருகவேண்டும் என்பது அவர்தம் எண்ணம். அவருடைய மைந்தர் 1879இல் போர்ன்வில் என்னுமிடத்தில் ஆலை அமைத்தனர். பின்னர் அதனருகே தோட்டத்துடன் கூடிய வீடுகள் கொண்ட ஊரொன்றும் எழுந்தது. அவ்வூரில் மதுக்கடைக்கு இடமில்லை. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை நடக்கவிட்ட மலாயாத் துரைமாரோடு இவர்களை ஒப்பிட்டால் வேற்றுமை நன்கு புலப்படும்.

அக்காலத்தில் பால் கலந்த சாக்லெட்டில் சுவிட்சர்லாந்தின் கையே ஓங்கியிருந்தது. அதனை வெல்லக் கருதிய காட்பரி கம்பெனி, மிகுதியாகப் பால் சேர்த்த சாக்லெட் ஒன்றை 1905இல் வெளியிட்டது. அதுவே டெய்ரி மில்க். அரை ராத்தல் சாக்லெட்டில் ஒன்றரைக் கிளாஸ் பால் அடங்கியுள்ளது என்ற விளம்பரம் 1928இல் தொடங்கியது. தின்பண்டம் என்று தயங்கிய தாய்மாருக்கு, இது பிள்ளைக்கேற்ற உணவு என்று அவ்விளம்பரம் தைரியம் கூறிற்று. பால் என்றதும் மரத்துப்பாலை நினைக்கும் தோட்டத்து மக்களுக்கும் அச்சித்திரம் எளிதில் விளங்கும். விற்பனைத் தந்திரம் என்ற அளவில் இதனைக் குறை கூறுவதற்கில்லை.

ஆனால் கொக்கோ எங்கிருந்து வந்தது? 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அக்கம்பெனி வாங்கிய கொட்டையில் ஏறத்தாழப் பாதி, ஆப்பிரிக்காவின் மேற்கே போர்த்துகீசியர் ஆண்ட சாவோ தோமே, பிரின்சிபே தீவுகளில் விளைந்ததாகும். அங்கே பாடுபட்டோர் அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ஏட்டளவில் அவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத் தொழிலாளர். ஊர் திரும்பியோர் மிக அரியர். அஃதாவது, அடிமை முறையே வேறு பெயரில் நடந்தது.

1901இல் வில்லியம் காட்பரி இச்செய்தியை அறிந்தார். 1905இல் ஜோசப் பர்ட் என்பவர் நேரில் ஆராய அனுப்பப்பட்டார். அவருடைய அறிக்கையும் கொடுமையை உறுதி செய்தது. எனினும் அத்தீவுகளின் கொக்கோவை வாங்க மறுத்தது 1909இல்தான். இடைப்பட்ட எட்டாண்டுகளும் கொட்டை வந்துகொண்டே இருந்தது. வாங்குவதை நிறுத்திவிட்டால் போர்த்துகீசியரிடம் தம் சொல் எடுபடாது என்பது கம்பெனியின் வாதம். அவ்வாதத்தில் சிறிது உண்மை உண்டு என்று கொண்டாலும், எட்டாண்டு நீண்ட காலமே.

'ஸ்டாண்டர்ட்' என்னும் லண்டன் பத்திரிகை இதனைக் கடுமையாகச் சாடிற்று. கம்பெனி மானநஷ்ட வழக்குத் தொடர்ந்தது. 1909 டிசம்பரில் ஜூரிகள் கம்பெனிக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தனர். ஆனால் நஷ்ட ஈடாக விதித்தது ஒரு பார்த்திங், அதாவது கால் பென்னி. வென்றவருக்கு இதனினும் பெரிய தலைகுனிவு வேண்டுவதில்லை. அதற்கு அடுத்த ஆண்டிலேயே, 1910இல், மலாயாவில் இந்தியரின் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

கம்பெனி பின்னர்க் கோல்ட் கோஸ்ட், அஃதாவது இன்றைய கானா நாட்டின் சிறு விவசாயிகளை நாடிற்று. உறையோ தொடர்ந்து பாலையே பேசிற்று. கொக்கோ விளைவிப்போருக்கு நியாய விலை கிடைக்கிறது என்பதைக் காட்டும் 'ஃபேர்டிரேட்' முத்திரை பிரிட்டனில் விற்கும் டெய்ரி மில்க் உறையில் ஏறியது 2009இல். புறக்கணிப்புக்குச் சரியாக நூறாண்டு கழித்து! அதுவும் நிலைக்கவில்லை. காட்பரியை 2010இல் கிராப்ட் கம்பெனி வாங்கியது. பின்னர் மொண்டெலீஸ் என்ற பெயரில் பிரிந்த கம்பெனியின் சொந்தத் திட்டமே அம்முத்திரையின் இடத்தைப் பிடித்தது.

இந்தியாவில் 1948இல் கால்வைத்த காட்பரி, 1965 முதல் கேரளத்தில் கொக்கோப் பயிரை ஊக்கியது. அங்கும் விளம்பரம் விளைவித்தவரைப் பற்றியதன்று. 1994இல் கிரிக்கெட் மைதானத்தில் ஆடிய பெண்ணைக் காட்டி, சாக்லெட் பெரியவர்க்கும் உரியதே என்றது. 2003இல் மகாராஷ்டிரத்தில் சாக்லெட்டில் புழு கண்ட செய்தி பரவியதும் உறை மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு முதல், இலட்டும் ஜிலேபியும் வீற்றிருந்த மங்கல வேளைகளில் தனக்கும் ஓர் இடம் கேட்டது.

சிலாங்கூர், பேராக் கடலோரத் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் தென்னையின் நிழலில் கொக்கோ வளர்ந்தது. காயைப் பிளந்து, வெண்சதையோடு கூடிய விதையைக் குவித்து, ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, பின் உலர்த்தவேண்டும். புளிக்காத கொட்டையை எவ்வளவு வறுத்தாலும் சாக்லெட்டின் மணம் வாராது. ஆகவே அம்மணத்தின் முதற்பாதி ஆலைக்கு வருமுன்னரே, தோட்டத்துக் கைகளிலேயே பிறந்துவிடுகிறது. பாலை ஒன்றரைக் கிளாஸ் என்று அளந்து சொன்ன உறையில் அக்கைகளுக்கு ஒரு வரியும் இல்லை.

1990இல் மலேசியாவின் கொக்கோ விளைச்சல் 247,000 டன்னை எட்டியது, பெரும்பகுதி சபாவினுடையது. விலை வீழ்ந்தது, காய்துளைக்கும் பூச்சியும் தாக்கியது. 2022இல் விளைச்சல் ஆயிரம் டன்னுக்கும் குறைந்துவிட்டது. கொக்கோ நின்ற நிலங்கள் பலவற்றில் இப்போது செம்பனை நிற்கிறது. இந்நாட்டுக் கொக்கோ ஆலைகள் வெளிநாட்டுக் கொட்டையையே பெரிதும் அரைக்கின்றன.