மாண்டலினும் மெட்டல் இசையும்

1

அமெரிக்க நாட்டுக் கிராமி விருதுகளுள் ஹார்ட் ராக், மெட்டல் ஆகிய இசைவகைகளுக்கெனத் தனிப் பரிசு முதன்முதலாக வழங்கப்பெற்றது 1989ஆம் ஆண்டிலாகும். மெட்டாலிக்கா என்னும் குழுவே அதனைப் பெறும் எனப் பலரும் எதிர்பார்த்திருந்தனர். பரிசோ ஜெத்ரோ டல் என்னும் ஆங்கிலக் குழுவினர்க்குச் சென்றது. அக்குழுவின் தலைவரான இயன் ஆண்டர்சன் புல்லாங்குழலும் மாண்டலினும் இசைப்பவர். முடிவைக் கேட்ட அவையினருள் ஒரு சாரார் எள்ளி ஒலியெழுப்பினர். பின்னர் ஆண்டர்சன், தம் குழுவினர் சிலபோது மாண்டலினை மிக உரக்க இசைப்பதுண்டு என்று நகையாடி விடையிறுத்தார் என்பர்.

இந்நகைமொழியுள் ஆராயத்தக்க வினாவொன்று அடங்கியுள்ளது. மாண்டலினும் மெட்டலும் ஒன்றற்கொன்று முற்றும் அயலானவையோ? அன்றி, அவற்றிடையே இசையிலக்கணம் சார்ந்த உறவு ஏதேனும் உண்டோ? சிறியதொரு கருவியில் பேரோசைப் பாடல்களை இசைப்பது வெறும் விளையாட்டு என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. அக்கருத்து அரைகுறையானது என்பதும், உறவும் தடையும் ஒரே கருவிக்குள் உடனுறைகின்றன என்பதும் யாம் ஈண்டு நிறுவ முயல்வனவாம்.

2

முதற்கண் கருவியின் அமைப்பினை நோக்குவோம். இன்று உலகெங்கும் வழங்கும் மாண்டலின், இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரில் 18ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றதன் வழிவந்தது. அந்நகரத்து வினாச்சியா குடும்பத்தார் அதனைச் செய்வதிற் புகழ்பெற்றோர். அக்குடும்பத்துப் பாஸ்குவாலே வினாச்சியா 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதன் தண்டியை நீட்டி, எஃகுத் தந்திகளின் இழுவிசையைத் தாங்கும்படி திருத்தினார்.

மாண்டலினில் தந்திகள் எட்டு. அவை இரண்டிரண்டாக இணைந்து நான்கு இணைகளாக நிற்கும். மிகத் தாழ்ந்த இணை விநாடிக்கு 196 அதிர்வுடையது. அடுத்தவை முறையே ஏறத்தாழ 294, 440, 659 அதிர்வுடையன. இவ்வெண்களை ஒப்பிட்டு நோக்குவார்க்கு ஓர் ஒழுங்கு புலனாகும். ஒவ்வோரிணையும் தனக்குக் கீழுள்ள இணையோடு ஏறக்குறைய 3க்கு 2 என்னும் விகிதத்தில் நிற்கின்றது. பழந்தமிழ் இசைநூலார் குரல், இளி எனப் பெயரிட்டதும், இக்காலத்தார் சட்சம், பஞ்சமம் என வழங்குவதும் ஆகிய உறவே இது. எனவே மாண்டலின் என்பது இளியின்மேல் இளியாக அடுக்கப்பெற்ற கருவி எனலாம். வயலினுக்கும் மேனாட்டில் இதுவே சுருதியமைதி. கிதாரோ பெரும்பாலும் நான்காம் சுர இடைவெளியில், அஃதாவது குரலுக்கும் உழைக்கும் இடையுள்ள தொலைவில், தந்திகளை நிறுத்துவது. இவ்வேறுபாடு நம் ஆய்வுக்கு அடிப்படையாகும்.

3

இனி, ஹார்ட் ராக், மெட்டல் ஆகியவற்றின் இயல்பினைக் காண்போம். மின்கிதாரின் ஒலியை ஒலிபெருக்கியின் தாங்கும் எல்லைக்கு மேல் உயர்த்தி, அதனாற் பிறக்கும் ஒலிச்சிதைவையே அழகாகக் கொண்டவை இவ்விசைவகைகள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரினரான பிளாக் சப்பாத் குழுவின் முதல் இசைத்தட்டு 1970ஆம் ஆண்டு பெப்ருவரியில் வெளிவந்தது. மெட்டல் இசையின் தோற்றத்தை அதனொடு தொடங்கிச் சொல்வாரே பலர்.

இவ்விசையின் அடிக்கல் பவர் கார்டு எனப்படுவது. மூன்று சுரங்கள் கூடிய வழக்கமான சுரக்கூட்டில் நடுச்சுரத்தை நீக்கி, குரலையும் இளியையும் மட்டும் ஒருங்கே ஒலிப்பதே அது. லிங்க் ரே 1958இல் வெளியிட்ட 'ரம்பிள்' என்னும் கருவியிசையிலும், கிங்க்ஸ் குழுவினர் 1964இல் வெளியிட்ட பாடலொன்றிலும் அது முனைப்பாகத் தோன்றியது. நடுச்சுரத்தை நீக்குதற்குக் காரணம் உண்டு. சிதைந்த ஒலியில் இரு சுரங்கள் கூடும்போது அவற்றின் கூட்டலாலும் கழித்தலாலும் புதிய அதிர்வுகள் பிறக்கின்றன. 3க்கு 2 என நிற்கும் சுரங்களாயின் அவ்வாறு பிறப்பன யாவும் ஓரொழுங்கில் அடங்கும். சிக்கலான விகிதங்களாயின் இரைச்சலாக முடியும்.

கிதாரில் இச்சுரக்கூட்டினை இசைக்க இரண்டு விரல்கள் வெவ்வேறு மெட்டுகளில் அழுந்துதல் வேண்டும். மாண்டலினிலோ ஒரே மெட்டில் ஒரு விரலை அடுத்தடுத்த இரண்டு இணைகளின்மேற் கிடத்தினாற் போதும். இதனினும் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. மெட்டல் கிதார் இசைஞருட் பலர் தம் கருவியின் மிகத் தாழ்ந்த தந்தியை ஒரு முழுச் சுரம் தளர்த்திக் கொள்வர். டிராப் டி எனப்படும் இம்முறையால் அடித்தந்திகள் இரண்டும் குரல் இளியாக அமைய, ஒரு விரலாலேயே பவர் கார்டு கைகூடும். ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவினரின் 1992ஆம் ஆண்டு இசைத்தட்டில் இதற்குச் சான்று உண்டு. கிதார் தன்னைத் தளர்த்திப் பெறும் அமைதி மாண்டலினுக்குப் பிறப்பிலேயே வாய்த்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மேலும், 196, 294 என்னும் இரண்டு அதிர்வுகளைச் சிதைவுடன் ஒலித்தால் அவற்றின் வேறுபாடாகிய 98 என்னும் தாழ்ந்த ஒலியும் உடன்தோன்றும். அது தாழ்ந்த இணைக்கும் ஒரு நிலை கீழான அதே சுரம். தந்தியில் இல்லாத மந்தரவொலியை மின்சாரம் கூட்டித் தருகின்றது என்க.

4

வரலாற்றில் 1971ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. லெட் செப்பலின் குழுவினரின் நான்காம் இசைத்தட்டு அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்தது. ஹார்ட் ராக் குழுக்களுள் தலைமைபெற்ற அவர்கள் அதில் இரண்டு பாடல்களை மாண்டலின்மேல் அமைத்தனர். ஒன்று 'தி பேட்டில் ஆஃப் எவர்மோர்'. மற்றொன்று 'கோயிங் டு கலிபோர்னியா'. ஹாம்ப்ஷயரிலுள்ள ஹெட்லி கிரேஞ்ச் என்னும் பழைய மாளிகையில் அக்குழுவினர் தங்கியிருந்தபோது, ஜான் பால் ஜோன்ஸுக்குரிய மாண்டலினைக் கிதார் இசைஞரான ஜிம்மி பேஜ் எடுத்து மீட்டியதினின்றே முதற்பாடல் பிறந்தது. அக்கருவியை அவர் முன்னர்ப் பயின்றவரல்லர். அதே ஆண்டு ராட் ஸ்டூவர்ட்டின் 'மேகி மே' என்னும் பாடலின் இறுதியில் ஒலிக்கும் மாண்டலின் உலகெங்கும் பரவியது. அதனை இசைத்தவர் லிண்டிஸ்பார்ன் குழுவைச் சேர்ந்த ரே ஜாக்சன். அவ்விசைத்தட்டின் உறையோ அவர் குழுவின் பெயரை மட்டும் கூறி, அவர் பெயர் நினைவில் இல்லை என்று எழுதிவிட்டது. ராக் உலகில் இக்கருவி பெற்றிருந்த மதிப்புக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனினும் இவை யாவும் ராக் குழுவினர் மாண்டலினைத் தம் மென்மைப் பகுதிக்குப் பயன்படுத்தியமையையே காட்டுகின்றன. வன்மைப் பகுதியை மாண்டலினால் இசைக்க இயலுமா என்பது வேறு வினா. அதற்கு வலக்கையின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

5

அமெரிக்கத் தென்பகுதியின் புளூகிராஸ் இசைக்குத் தந்தை எனப்படும் பில் மன்றோ, கிப்சன் நிறுவனத்தார் 1923இல் செய்த மாண்டலினைத் தம் வாழ்நாளில் பெரும்பகுதி இசைத்தவர். முரசில்லாத அவ்விசையில் தாளத்தை நிறுத்தியது அவரது மாண்டலினேயாகும். இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் சுரக்கூட்டை வெட்டென அடித்து, உடனே இடக்கை விரல்களைத் தளர்த்தி ஒலியை அடக்கிவிடுவார். இதற்குச் சாப் என்று பெயர். அடித்த ஒலியை அடக்கித் தாளமாக்கும் இம்முறைக்கும், மெட்டல் கிதார் இசைஞர் வலது உள்ளங்கையின் ஓரத்தைக் குதிரையருகே வைத்துத் தந்திகளை அடக்கி அடிக்கும் முறைக்கும் செயலில் வேறுபாடு உண்டு. பயனில் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் தந்திக்கருவி முரசின் தொழிலை மேற்கொள்கின்றது. மன்றோ 1946இல் பதிவுசெய்த பாடலொன்றை எல்விஸ் பிரெஸ்லி 1954இல் தம் முதல் இசைத்தட்டிற் பாடினார். 1997இல் ராக் இசையின் புகழவையினர், ராக்கிற்கு முன்னோடியென மன்றோவைத் தம் பட்டியலிற் சேர்த்தனர். ஆதலின் இவ்வுறவு எம் கற்பனையன்று.

இரண்டாவதாக, நெடுஞ்சுரம் நிறுத்த இயலாத மாண்டலின், ஒரே சுரத்தை மேலும் கீழுமாக விரைந்து மீட்டி அதனை நீட்டிக்கும். நேப்பிள்ஸ் மரபு தொட்டு வழங்கும் இம்மீட்டுக்கு டிரெமலோ என்று பெயர். நார்வே நாட்டில் 1990களில் வளர்ந்த பிளாக் மெட்டல் என்னும் பிரிவினர், கிதாரில் இவ்வாறே ஒரு சுரத்தை இடைவிடாது விரைந்து மீட்டித் தம் இசையை அமைத்தனர். மாண்டலின் இசைஞன் அதனை இசைக்கப் புகுங்கால் புதியதொன்றைக் கற்கவேண்டுவதில்லை. தன் கருவியின் பழைய வழக்கத்தையே மேற்கொள்கின்றான்.

6

இத்துணை உறவிருந்தும் தடைகளும் உள. அவற்றை மறைத்தல் ஆய்வுக்கு அழகன்று.

முதற்றடை தாழ்சுரமின்மை. கிதாரின் அடித்தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 82 அதிர்வுடையது. பிளாக் சப்பாத்தின் டோனி ஐயோமி 1971இல் அதனினும் தாழ்த்தினார். மாண்டலினோ 196இலேயே நின்றுவிடும். ஆயினும் அதன் குடும்பத்தில் மாண்டோசெல்லோ என்னும் பெரிய உறுப்பினர் உண்டு. அதன் அடித்தந்தி ஏறத்தாழ 65 அதிர்வுடையது, கிதாரினும் தாழ்ந்தது. ஆதலின் இக்குறை குடும்பத்தின் குறையன்று; ஓர் உறுப்பினரின் குறையே.

இரண்டாம் தடை இரட்டைத் தந்தி. இணைத்தந்திகள் இரண்டும் முற்றும் ஒருசுருதியில் நில்லா. சிதைவில்லாத ஒலியில் அச்சிறுவேறுபாடு இனிமை தரும். சிதைந்த ஒலியிலோ விம்மலாக வெளிப்பட்டுச் சுரத்தைக் கெடுக்கும். ராக் கிதாரின் உயிராகிய தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரமேற்றும் முறையும் இரட்டைத் தந்தியில் செவ்வனே அமையாது. மூன்றாம் தடை, குறுகிய தந்தியின் ஒலி விரைந்து அடங்குதல்.

இத்தடைகளுக்கு வெவ்வேறு நாட்டினர் கண்ட விடை ஒன்றாகவே இருந்தமை பெருவியப்பாகும். கலிபோர்னியாவில் பால் பிக்ஸ்பி என்பவர் 1952இல் டைனி மூர் என்னும் இசைஞர்க்கு ஐந்து ஒற்றைத் தந்திகளையுடைய மின்மாண்டலின் செய்தளித்தார். பிரேசில் நாட்டுச் சால்வடார் நகரில் டோடோ, ஓஸ்மார் என்னும் நண்பர் இருவர் 1940களில் கட்டைமரத்தால் மின்கருவிகள் செய்து, 1950ஆம் ஆண்டுத் திருவிழாவில் பழைய ஃபோர்டு வண்டியின்மீதிருந்து இசைத்தனர். ஓஸ்மாரின் மகன் அர்மாண்டினோ, மாண்டலின் சுருதியிலமைந்த அக்கருவிக்கு ஐந்தாம் தந்தியைச் சேர்த்து அதனை ராக் இசைக்கு உரியதாக்கினார். கித்தாரா பயானா என்பது அதன் பெயர். மூன்றாமவர் எம் செவிக்கு நன்கு பழகியவர். ஆந்திர நாட்டுப் பாலகொல்லுவிற் பிறந்து சென்னையில் வளர்ந்த உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014), கருநாடக இசையின் கமகங்களைப் பெறும்பொருட்டு எட்டுத் தந்திகளை நீக்கி ஐந்து ஒற்றைத் தந்திகளை மின்மாண்டலினில் அமைத்தார். அவர் நாடியது ராக் இசையன்று. ஆயினும் கமகத்தை வேண்டியவரும், ராக்கின் இழுசுரத்தை வேண்டியவரும் ஒரே கருவியமைதியிற் சென்று கூடினர். சுரத்தை வளைக்க விழைவார்க்கு இரட்டைத் தந்தி இடந்தராது என்னும் பொதுவிதியே இதற்குக் காரணமாதல் வேண்டும்.

7

மின்சாரத்தின் துணையின்றி, மரத்தாலான பழைய மாண்டலினிலேயே மெட்டல் பாடல்களை இசைத்தோரும் உளர். ஹேசீட் டிக்ஸி என்னும் குழுவினர் 2001இல் ஏசி/டிசி குழுவின் பாடல்களைப் புளூகிராஸ் கருவிகளால் இசைத்து வெளியிட்டனர். அதன் நோக்கம் பெரிதும் நகைச்சுவையே. 2003இல் அலபாமா மாநிலத்து அயர்ன் ஹார்ஸ் குழுவினர் மெட்டாலிக்காவின் பாடல்களை அவ்வாறே இசைத்தனர். இவர்தம் நோக்கமோ நகையன்று. இடிமுழக்கம் நீங்கியபின் அப்பாடல்களில் எஞ்சுவது யாது என இவ்விசைத்தட்டு வினவுகின்றது. எஞ்சுவன உறுதியான பண்ணும், இழப்பைப் பாடும் துயருமாகும். நாட்டுப்புறக் கதைப்பாடல்களை நெடுங்காலமாகப் பாடிவந்த புளூகிராஸ் மரபிற்கு அத்துயர் புதிதன்று.

எனவே, ஒலியின் அளவைப் பெயர்க்க முயல்வான் மாண்டலினில் தோற்பான். அமைப்பைப் பெயர்ப்பவன் வெல்வான் என்பது எமது முடிபு. குரலும் இளியும் கூடிய அடுக்கு, அடக்கிய அடி, விரைந்த மீட்டு ஆகிய மூன்றும் மெட்டலின் எலும்புக்கூடு. அம்மூன்றும் மாண்டலினுக்கு உரியனவே. பேரோசை என்பது அவ்வெலும்பின்மேற் போர்த்த தசை. அது நீங்கியபோதும் பாடல் நிற்குமாயின், அப்பாடலின் வலிமை ஒலிபெருக்கியில் இல்லை என்பது விளங்கும். 1989இல் எள்ளியவர்கள் கருவியின் உருவைக் கண்டனரேயன்றி அதன் சுருதியைக் கண்டாரல்லர். ஒரு கருவியை அதன் உருவங்கொண்டு மதித்தல் பிழை. அதன் தந்திகள் ஒன்றோடொன்று கொண்ட உறவினைக் கொண்டே மதித்தல் வேண்டும். இதுவே இவ்வாய்வினால் யாம் கண்டது.