உள்ளங்கையில் ஒரு விளையாட்டுக் களம்

வரலாறு என்றதும் மன்னரும் போரும் கல்வெட்டும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும், எளிய மக்கள் ஓய்வு வேளையில் எதைக் கையில் எடுத்தனர் என்பதும் வரலாறுதான். நம் பாட்டிமார் பல்லாங்குழியை எடுத்தனர், தாயக்கட்டையை உருட்டினர். நான் எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைப் பழமையானதன்று. 1980களிலும் 1990களிலும் சிறுவர் கைகளில் தவழ்ந்த சிறு மின்னணு விளையாட்டுக் கருவியே அது. அதனினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த கருவிகள் இன்று இருந்தும், அந்தப் பழையனவற்றைத் தேடி வாங்குவோரும், பழுது நீக்கிப் போற்றுவோரும் பல நாடுகளில் உள்ளனர். இப்பற்று எதனால் வந்தது? அதனைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சீட்டுத் தொழிலில் பிறந்தது

ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889ஆம் ஆண்டு தோன்றிய நிண்டெண்டோ நிறுவனம், பூக்கள் தீட்டிய ஹனஃபுடா என்னும் சீட்டுகளைச் செய்து விற்று வந்தது. 1965இல் குன்பெய் யோகோய் என்னும் இளைஞர் அங்கு வேலைக்குச் சேர்ந்தார். சீட்டு செய்யும் இயந்திரங்களைப் பராமரிப்பது அவர் பணி. ஓய்வு நேரத்தில் அவர் தமக்காகச் செய்த, நீண்டு சுருங்கும் கைப்பொறி ஒன்று தலைவர் ஹிரோஷி யமவுச்சியின் கண்ணில் பட்டது. அவர் கடிந்துகொள்ளவில்லை, அதனையே விளையாட்டுப் பொருளாக்கப் பணித்தார். 1966இல் வெளிவந்த அப்பொருள் பெரிதும் விற்பனையாயிற்று. பராமரிப்பு ஊழியர் விளையாட்டுப் பொருள்களை உருவாக்குபவர் ஆனார்.

ஒருநாள் இரயிலில் அலுவலர் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததை யோகோய் கண்டார் என்றும், அதிலிருந்தே கையடக்க விளையாட்டு பற்றிய எண்ணம் அவருக்கு உதித்தது என்றும் கூறுவர். அக்காலத்தில் கால்குலேட்டர் நிறுவனங்களின் கடும் போட்டியால் அவற்றின் திரையும் சில்லும் மலிந்திருந்தன. அவற்றைக் கொண்டே 1980 ஏப்ரலில் ‘கேம் அண்டு வாட்ச்’ பிறந்தது. ஒரு கருவியில் ஒரு விளையாட்டு; கூடவே மணியும் காட்டும். 1982இல் வந்த ‘டாங்கி காங்’ கருவியில் அவர் அமைத்த சிலுவை வடிவப் பொத்தான், பின்வந்த எண்ணற்ற கருவிகளுக்கு முன்மாதிரியாயிற்று. இவ்வரிசைக் கருவிகள் 4 கோடிக்கும் மேல் விற்றன.

புதியதைத் துரத்துவதைவிட, நன்கு பழகி விலை குறைந்துவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்துவதே மேல் என்பது யோகோயின் கொள்கை. பழைய புடவையைத் தூளியாக்கத் தெரிந்த நம் தாய்மாருக்கு இக்கொள்கையை விளக்க வேண்டுவதில்லை.

எளியது வென்ற கதை

1989 ஏப்ரல் 21ஆம் நாள் ஜப்பானில் ‘கேம் பாய்’ வெளிவந்தது. பச்சை படர்ந்த திரை, அதில் நான்கே சாயல்கள், பின்னொளியும் இல்லை. அதே ஆண்டு அட்டாரி நிறுவனத்தின் ‘லின்க்ஸ்’ கருவியும், 1990இல் சேகா நிறுவனத்தின் ‘கேம் கியர்’ கருவியும் வண்ணத் திரையுடன் களமிறங்கின. பார்த்தவர் அனைவரும் வண்ணமே வெல்லும் என்றுதான் எண்ணியிருப்பர். ஆனால் வண்ணக் கருவிகள் ஆறு பென்சில் செல்களைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. கேம் பாயோ நான்கே செல்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது, விலையும் குறைவு.

அதற்குத் துணை நின்றது ‘டெட்ரிஸ்’. மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் 1984இல் உருவாக்கிய விளையாட்டு அது. மேலிருந்து விழும் கட்டங்களை இடைவெளியின்றி அடுக்க வேண்டும், அவ்வளவே. அதற்கு மொழி வேண்டா, கல்வி வேண்டா. பேரனும் ஆடலாம், தாத்தாவும் ஆடலாம். 1993இல் அலெக்சாந்தர் செரெப்ரோவ் என்னும் விண்வெளி வீரர் கேம் பாயையும் டெட்ரிஸையும் ‘மீர்’ விண்வெளி நிலையத்துக்கே கொண்டு சென்றார்.

யோகோய் 1997இல் சாலை விபத்தொன்றில் மறைந்தார். அவர் கருவியோ, 1998இல் வந்த வண்ண வடிவத்தையும் சேர்த்து, 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றது.

நம் இல்லங்களுக்கு வந்தது

நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்குக் கேம் பாய் எட்டாக் கனியாகவே இருந்தது. நமக்குக் கிட்டியது, சீனாவிலிருந்து வந்த பெயரற்ற ‘பிரிக் கேம்’. ‘9999 விளையாட்டுகள்’ என்று அதன் மேல் அச்சிட்டிருக்கும்; உள்ளே இருப்பவை சிலவே. வேகத்தையும் நிலையையும் மாற்றி மாற்றி எண்ணிக் காட்டிய கணக்கு அது. அவற்றுள் முதன்மையானது டெட்ரிஸின் சாயலே.

1995ஆம் ஆண்டுக் கோடையில் என் தந்தையார் தில்லி பாலிகா பஜாரில் அத்தகைய கருவி ஒன்றை எனக்கும் அக்காவுக்கும் பொதுவாக வாங்கித் தந்தார். அவரும் மத்திய அரசு ஊழியரே. இரண்டாண்டுக்கு ஒருமுறை கிட்டும் பயணச் சலுகையில் ஊருக்குச் செல்லும்போது, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் கழிய வேண்டும். ஓர் ஆட்டம் முடிந்ததும் கருவி கைமாற வேண்டும், எதிர் இருக்கைக் குழந்தைக்கும் ஒரு முறை கொடுக்க வேண்டும் என்பன தந்தையாரின் விதிகள். நாக்பூர் தாண்டிப் பிள்ளைகள் உறங்கிய பின், ஒலியை அடக்கிவிட்டு அவர் தனியே ஆடுவார். அதனை அக்காவும் நானும் அறிவோம், அறிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

நாங்கள் வளர்ந்து கருவியை மறந்தோம். அவர் மறக்கவில்லை, ஓய்வு பெற்ற பின்னும் பிற்பகல்களில் ஆடி வந்தார். 2004இல் அவர் காலமானார். சில மாதங்கள் கழித்து அலமாரியில் அக்கருவியைக் கண்டு இயக்கியபோது, உச்ச மதிப்பெண்ணாக 48,700 என்ற எண் ஒளிர்ந்தது. எங்களில் எவரும் எட்டாத எண் அது. செல்லைக் கழற்றினால் அவ்வெண் அழிந்துவிடும்; கழற்றாது விட்டால் செல் கசிந்து கருவியே அழிந்துவிடும். என்னால் முடிவெடுக்க இயலவில்லை. அம்மாவிடம் காட்டினேன். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, “எழுதி வைத்துக்கொண்டு கழற்றிவிடு” என்றார். அவ்வெண்ணைத் தந்தையாரின் வரவு செலவு நோட்டிலேயே குறித்து வைத்தேன். கருவி இன்றும் இயங்குகிறது.

முடிவுரை

இத்தடுமாற்றம் எனக்கு மட்டும் உரியதன்று. 1996இல் வந்த ‘போக்கிமான்’ போன்ற கேம் பாய் விளையாட்டுப் பேழைகளினுள் நாணயம் போன்ற சிறு செல் ஒன்று உண்டு. ஆடியவரின் முன்னேற்றமெல்லாம் அதன் உயிரில்தான் நிற்கிறது. அது தீர்ந்தால் பல்லாண்டு ஆட்டமும் அழியும். பிற்காலத்தில் இணையத்தில் வாங்கும் முறை வந்தது. அதற்கும் நிலைபேறில்லை, 2023 மார்ச்சில் நிண்டெண்டோ தன் 3டிஎஸ் கருவிக்கான இணையக் கடையை மூடிவிட்டது.

ஆகவே, பழைய கருவியைப் போற்றுவோர் வெறும் பிளாஸ்டிக்கைப் போற்றவில்லை. அதனைப் பிடித்திருந்த கைகளையே போற்றுகின்றனர். அக்கைகளின் கதையைக் கருவி தானாகச் சொல்லாது. நாம்தான் எழுதி வைக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் வந்து, மாற்றல் உத்தரவு வரும்தோறும் வீட்டைக் காலி செய்து பழகிய நமக்கு, பழம்பொருள்களைக் கழித்துவிடுவது எளிது. அன்பர்கள் அடுத்த முறை பரணை ஒழிக்கும்போது அத்தகைய கருவி கிடைத்தால், முதலில் செல்லைக் கழற்றுங்கள். பின்னர், யார் வாங்கியது, எந்த ஆண்டு, யார் யார் ஆடினர் என்று ஒரு சீட்டில் எழுதி அதனுடன் வையுங்கள். நம் பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு கல்வெட்டே.