ரிட்டையர் ஆன பிறகு வீடு எதற்கு? சக்கரத்தில் ஓடும் ஓய்வுக்காலத்தின் கதை

 கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் நைட் டூட்டி. வார்டு அடங்கியிருந்த நேரம். எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் அக்கா ஒருவர் செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் ஒரு வயதான தம்பதி. வீட்டை விற்றுவிட்டு பஸ் மாதிரி ஒரு வண்டி வாங்கிவிட்டார்கள். சமையல், படுக்கை, பாத்ரூம் எல்லாம் அதிலேயே. ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள்.

"சார், எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ். ரிட்டையர் ஆனதும் நானும் இப்படிக் கிளம்பிடுவேன்" என்றார்.

"அக்கா, அவங்கள்ல நிறைய பேர் சுத்திப் பாக்க மட்டும் போகல. போற இடத்துல வேலையும் பாக்குறாங்க" என்றேன்.

"ரிட்டையர் ஆனப்புறமுமா?"

பாதிப் பதில் சொல்வதற்குள் ஒரு பாய்சன் கேஸ் வந்துவிட்டது. மீதிப் பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் வண்டியைப் பார்ப்போம். அதை ஆர்.வி. என்பார்கள். ரிக்ரியேஷனல் வெஹிகிள், அதாவது பொழுதுபோக்கு வண்டி. அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1910ல் பியர்ஸ் ஆரோ என்ற கார் கம்பெனி 'டூரிங் லாண்டோ' என்று ஒரு வண்டியை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தது. பின்சீட்டை மடித்தால் படுக்கை. கை கழுவ ஒரு தொட்டி, அவசரத்துக்கு ஒரு மலச்சட்டி. பெரும் பணக்காரர்களுக்கான பொம்மை அது. சாதாரண மக்கள் அடுத்த பத்து வருடத்தில் ஃபோர்டின் மாடல் டி காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு தாங்களே கிளம்பிவிட்டார்கள்.

1919ல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் டி சோட்டோ பூங்காவில் இப்படி வந்தவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பெயர் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்', தகர டப்பா பயணிகள். டப்பாவில் அடைத்த சாப்பாட்டையே சாப்பிட்டு வாழ்ந்தார்கள். காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வதுதான் சங்கத்தின் அடையாளம்.

குளிர்காலத்தில் வடக்கே வயலில் வேலையில்லாத விவசாயிகள், சிறு கடைக்காரர்கள், வேலையை விட்டு ஒதுங்கிய பெரியவர்கள் என்று பலரும் அதில் இருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் இவர்களைக் கிண்டல் செய்து ஒரு ஜோக் சொல்வார்கள்: வரும்போது ஒரு சட்டையும் ஒரு இருபது டாலர் நோட்டும் கொண்டு வருவாங்க, திரும்பிப் போறவரைக்கும் ரெண்டையும் மாத்த மாட்டாங்க!

அப்போது அமெரிக்காவில் எல்லோருக்கும் பென்ஷன் என்று ஒன்று கிடையாது. போர் வீரர்களுக்கு உண்டு, சில பெரிய கம்பெனிகள் தந்தன. மற்றவர்களுக்குச் சேமிப்பு, அது தீர்ந்தால் பிள்ளைகள். 1929ல் பங்குச்சந்தை விழுந்தது. வங்கிகள் மூடின. சேமிப்பும் போனது, பிள்ளைகளின் வேலையும் போனது.

இந்த இடத்தில் கதைக்குள் ஒரு டாக்டர் வருகிறார். விட முடியுமா?

பெயர் ஃபிரான்சிஸ் டவுன்சென்ட். கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரச் சுகாதாரத் துறையில் ஏழை முதியவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். 1933ல் அவருக்கு வயது 66. அந்த வேலையும் போய்விட்டது. ஜன்னல் வழியே பார்த்தபோது வயதான பெண்கள் மூன்று பேர் குப்பைத் தொட்டியில் சாப்பாடு தேடிக்கொண்டிருந்தார்கள் என்று பின்னாளில் அவர் சொன்னார்.

அந்த செப்டம்பரில் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் முன்வைத்த திட்டம் இதுதான். அறுபது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் அரசு மாதம் 200 டாலர் தர வேண்டும். நிபந்தனை இரண்டு: வேலையை விட்டுவிட வேண்டும், பணத்தை அந்த மாதத்துக்குள்ளேயே செலவழித்துவிட வேண்டும். பெரியவர்கள் விலகினால் இளைஞர்களுக்கு வேலை, அவர்கள் செலவழித்தால் கடைக்காரனுக்கு வியாபாரம்.

கணக்கு உதைக்கிறது என்று பொருளாதார நிபுணர்கள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அன்றைக்கு 200 டாலர் என்பது பெரும்பாலான குடும்பங்கள் பார்த்திராத மாத வருமானம். ஆனால் நாடு முழுக்க டவுன்சென்ட் கிளப்புகள் முளைத்தன. லட்சக்கணக்கில் முதியவர்கள் சேர்ந்தார்கள். ரூஸ்வெல்ட் அரசால் அந்தக் கூட்டத்தை அலட்சியம் செய்ய முடியவில்லை. 1935 ஆகஸ்ட் 14ல் சோஷியல் செக்யூரிட்டி சட்டம் கையெழுத்தானது. டவுன்சென்ட் கேட்டதைவிட மிகச் சிறிய தொகை, அதுவும் 65 வயதில்தான்.

முதல் மாதாந்திரச் செக் 1940 ஜனவரியில் வெர்மான்ட்டைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லர் என்ற பெண்மணிக்குப் போனது. தொகை 22 டாலர் 54 சென்ட். மூன்று வருடத்தில் அவர் கட்டியிருந்த வரி 24 டாலர் 75 சென்ட். அவர் நூறு வயது வரை வாழ்ந்து மொத்தம் 22 ஆயிரம் டாலருக்கு மேல் வாங்கிவிட்டுப் போனார். பாட்டி, கில்லாடி.

சரி, வண்டிக்குத் திரும்புவோம்.

1956ல் நாடு முழுக்க அகல நெடுஞ்சாலை போடச் சட்டம் வந்தது. 1965ல் மெடிகேர் சட்டம், அதாவது 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு மருத்துவக் காப்பீடு. அதற்கு முன் அங்கே முதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கான காப்பீடே கிடையாது. மெடிகேர் நடைமுறைக்கு வந்தது 1966 ஜூலையில். அதே 1966ல்தான் அயோவா மாநிலத்தின் வின்னபேகோ கம்பெனி நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் மோட்டார் வீடு தயாரிக்க ஆரம்பித்தது. தற்செயல்தான். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கையில் பென்ஷன், காப்பீட்டு அட்டை, நல்ல ரோடு, வாசலில் ஓடும் வீடு. "கிளம்புடா" என்று சொல்லத் தோன்றுமா இல்லையா?

அந்தத் தலைமுறை உண்மையிலேயே ஜாலியாகத்தான் கிளம்பியது. அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு குட்டி ஊர். குளிர்காலத்தில் அங்கே இப்படிப்பட்ட வண்டிகள் குவியும். அரசு நிலத்தில் சாதாரணமாக 14 நாள்தான் ஓரிடத்தில் தங்கலாம். 1983 முதல் ஏழு மாதம் தங்க அங்கே தனியாக இடம் ஒதுக்கி பெர்மிட் கொடுக்கிறார்கள். அதன் கட்டணம் பல வருடங்கள் வெறும் 180 டாலராக இருந்தது.

அதே 1983ல் இன்னொன்றும் நடந்தது. சோஷியல் செக்யூரிட்டியில் முழு பென்ஷன் வாங்கும் வயதை 65லிருந்து படிப்படியாக 67க்கு உயர்த்த சட்டம் போட்டார்கள். 62லேயே வாங்கிக்கொள்ளலாம், ஆனால் 67 என்று நிர்ணயிக்கப்பட்டவர்களுக்கு 30 சதவீதம் வெட்டு. அந்த வெட்டு ஆயுள் முழுக்க.

கம்பெனி பென்ஷனும் இதே காலத்தில்தான் கரைந்தது. 1978ல் வந்த ஒரு வரிச் சட்டத்தின் 401(கே) என்ற பிரிவைப் பிடித்துக்கொண்டு, "மாதம் இவ்வளவு தருவோம்" என்ற வாக்குறுதியிலிருந்து கம்பெனிகள் மெல்ல நழுவின. நீ கொஞ்சம் போடு, நாங்கள் கொஞ்சம் போடுகிறோம், சந்தை என்ன தருகிறதோ அது உன்னுடையது. 2003 ஏப்ரலுக்குப் பிறகு தமிழ்நாட்டில் அரசு வேலையில் சேர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு இந்த இடத்தை விளக்கவே வேண்டாம். நர்ஸ் அக்கா எனக்கு முன்னால் சேர்ந்தவர். அதனால்தான் அவருக்கு வேன் கனவு வருகிறது, எனக்கு வரவில்லை!

2008ல் மறுபடி சந்தை விழுந்தது. கூடவே வீட்டு விலையும். அறுபதை நெருங்கியவர்களிடம் இருந்த இரண்டு சொத்தும் ஒரே நேரத்தில் சுருங்கின. வாடகையோ வீட்டுக் கடன் தவணையோ கட்ட முடியாத பலர் பழைய வேன் வாங்கி அதில் குடியேறினார்கள். ஜெசிகா புரூடர் என்ற பத்திரிகையாளர் இவர்களோடு பயணம் செய்து 2017ல் எழுதிய புத்தகம்தான் 'நோமேட்லேண்ட்'. பிறகு படமாகி ஆஸ்கரும் வாங்கியது.

இப்போது அந்த வேலைக்கு வருவோம். வொர்க்கேம்பிங் என்கிறார்கள். இவர்களுக்கென்று வேலை விளம்பரப் பத்திரிகையே 1987ல் வந்துவிட்டது. அரசுப் பூங்காக்களிலும் காடுகளிலும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்ள 1970லும் 1972லும் சட்டங்கள் வந்தன. அந்த வழியில் வந்தவர்தான் கேம்ப்கிரவுண்ட் ஹோஸ்ட். வருகிறவர்களுக்கு இடம் காட்ட வேண்டும், கட்டணம் வாங்க வேண்டும், கழிப்பறை கழுவ வேண்டும், அடுப்புக் குழியில் சாம்பல் அள்ள வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் பாட்டுப் போடுபவனிடம் போய்ப் பக்குவமாகச் சொல்லவும் வேண்டும். பதிலுக்கு வண்டியை நிறுத்த இடம், தண்ணீர், கரண்ட், கழிவுக் குழாய் இணைப்பு. சில இடங்களில் மணிக் கணக்கில் சம்பளமும் உண்டு.

மரத்தடி, ஏரிக்கரை, பேசுவதற்குப் புதுப்புது மனிதர்கள் என்று மனதார அனுபவிப்பவர்கள் நிறைய. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். உடம்பு அசைகிறது, ஒரு பொறுப்பு இருக்கிறது. அறுபதுக்கு மேல் இரண்டும் நல்லதுதான். ஆனால் சீசன் முடிந்தால் அடுத்த இடம். அக்டோபரில் வடக்கு டகோட்டா பக்கம் சர்க்கரைக் கிழங்கு அறுவடை, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், குளிரில். முன்பு கிறிஸ்துமஸ் வரை அமேசான் கிடங்கும் இருந்தது. 2008ல் இவர்களுக்கென்றே தனித் திட்டம் ஆரம்பித்தார்கள். எழுபது வயது முழங்காலோடு சிமெண்ட் தரையில் நாள் முழுக்க நடப்பது எப்படி இருக்கும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

பொழுதுபோக்கு வண்டி என்ற பெயரை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? ஏரிக்கரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டி நிற்கும். ஒருவர் பென்ஷன் போதும், சும்மா இருக்கப் பிடிக்காமல் சாம்பல் அள்ளுகிறார். இன்னொருவர் அள்ளாவிட்டால் நாளைக்கு நிறுத்த இடமில்லை. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், யூட்யூபிலும்தான்.

அன்று ராத்திரி அக்கா கேட்ட இன்னொரு கேள்வி என்னை யோசிக்க வைத்தது. "ஊர் ஊரா போனா பிபி மாத்திரை யார் சார் தருவாங்க?"

முப்பத்து மூன்று வருட சர்வீஸ் பேசுகிறது பாருங்கள்! 62ல் வேலையை விட்டவருக்கு மெடிகேர் வர இன்னும் மூன்று வருடம். அதுவரை வாங்கும் தனியார் காப்பீடு பெரும்பாலும் ஒரு மாநிலத்துக்குள்தான் செல்லும். மெடிகேரிலேயே நேரடி அரசுத் திட்டம் நாடு முழுக்கச் செல்லுபடியாகும். தனியார் கம்பெனி மூலம் எடுக்கும் வகை என்றால் பெரும்பாலும் சொந்த வட்டார டாக்டர்கள்தான். வெளியே அவசரத்துக்கு மட்டும். சொந்த ஊரே இல்லாதவருக்கு எது வட்டாரம்? அதனால் தெற்கு டகோட்டா, டெக்சாஸ், ஃபுளோரிடா மாதிரி மாநில வருமான வரி இல்லாத இடங்களில் ஒரு தபால் முகவரி வாங்கி அதையே சட்டப்படி வீடாகக் காட்டுகிறார்கள்.

முகவரி கிடைத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கிரியேட்டினினை அதே கண் பார்க்க வேண்டுமே, அதுதான் கிடைக்காது. பாலைவனச் சூட்டில் ஃபிரிட்ஜ் நின்றால் இன்சுலின் கெட்டுப்போகும். குளிருக்குப் பயந்து மூடிய வேனுக்குள் கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் வாயு அது. வாசனை கிடையாது.

கடைசியில் வண்டி ஓட்டவே முடியாமல் போனால்?

இதற்கு அந்த மக்களே ஒரு வழி கண்டார்கள். ஜோ, கே பீட்டர்சன் என்ற தம்பதி 1978ல் ஆரம்பித்த 'எஸ்கேப்பீஸ்' என்ற சங்கம், டெக்சாஸின் லிவிங்ஸ்டன் ஊரில் ஒரு பராமரிப்பு மையம் வைத்திருக்கிறது. முதியவர் தன் வண்டியைக் கொண்டுவந்து அங்கே நிறுத்திவிட்டு அதிலேயே குடியிருக்கலாம். மையத்தில் சாப்பாடு, துணி துவைக்க உதவி, டாக்டரிடம் கூட்டிப்போக வாகனம். சுற்றியிருப்பவர்களும் அதே மாதிரி ரோட்டில் வாழ்ந்தவர்கள்.

காலையில் டூட்டி மாற்றிக்கொடுக்கும்போது இதை அக்காவிடம் சொன்னேன். பாய்சன் கேஸ் பையன் கண் திறந்திருந்தான். அவனுக்கு டிரிப்ஸ் மாற்றிக்கொண்டே யோசித்துவிட்டுக் கேட்டார்: "சார், அந்த இடத்துல நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களா?"