தொகுப்பூதியத்தின் காலம்: கொங்கு நாட்டுச் செவிலியர் பணியின் ஒரு வரலாறு

நூற்பாலைகளால் வளர்ந்த கோயம்புத்தூரில் மருத்துவப் பணியும் உழைப்பாளர் நலனை ஒட்டியே வளர்ந்தது. தொழிலாளியும் ஆலை நிர்வாகமும் செலுத்தும் பங்குத் தொகையைக் கொண்டு சிகிச்சை அளிக்கும் இ.எஸ்.ஐ. திட்டம், தமிழகத்தில் முதன்முதலாக 1955 ஜனவரியில் இந்நகரில்தான் தொடங்கியது. 1966-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் அமைந்தது. இவற்றைத் தாங்கிய செவிலியருக்கு அரசுப் பணி என்பது காலமுறை ஊதியத்தை, அதாவது ஆண்டு உயர்வும் அகவிலைப்படியும் கொண்ட நிலையான வாழ்வைக் குறித்தது.

பின்னாளில் இந்நிலை மாறியது. தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-இல் உருவான பின், 2015-ஆம் ஆண்டுத் தேர்வின் வழியாக ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர் பணியிடங்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில், அதாவது படிகள் ஏதுமற்ற ஒரே தொகையில் நிரப்பப்பட்டன. இரண்டாண்டுகளில் பணி நிரந்தரம் கிட்டும் என்று நம்பியே அவர்கள் சேர்ந்தனர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியிலிருக்கும் செவிலியர் பிரசவம் பார்த்து, குழந்தையைத் துடைத்துப் போர்த்தி, தொப்புள்கொடியை வெட்டி, தாயின் இரத்தப்போக்கைக் கண்காணித்து, பதிவேட்டையும் எழுதி முடிக்க வேண்டியவர். ஆயினும் அதே வேலையைச் செய்யும் நிரந்தரச் செவிலியரின் ஊதியம் தொகுப்பூதியச் செவிலியருடையதைவிடப் பன்மடங்காக இருந்தது.

நம்பிய காலம் கடந்தும் பெரும்பாலோர் நிரந்தரமாகாததால், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் அமைந்த டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். உயர் நீதிமன்றம் தலையிட்டபின் போராட்டம் முடிந்தது. மறு ஆண்டு ஊதியம் 14,000 ரூபாயாக உயர்ந்தபோதும், காலியிடம் ஏற்படும்போது மட்டுமே நிரந்தரம் என்ற நிலை நீடித்தது.

கொரோனா பரவிய 2020-இல், கோயம்புத்தூரின் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை மேற்கு மாவட்டங்களின் சிறப்புச் சிகிச்சை மையமாயிற்று. மாநிலமெங்கும் மேலும் பல செவிலியர் ஒப்பந்தத்தில் அழைக்கப்பட்டனர். பெருந்தொற்றில் உயிரைப் பணயம் வைத்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டபோது, சேலத்திலும் பிற ஊர்களிலும் அவர்கள் போராட நேர்ந்தது.

செவிலியர் ஏன் விலகுகின்றனர் என்ற கேள்வி உலகெங்கும் எழுந்ததே. 1983-இல் அமெரிக்கச் செவிலியர் அகாதமி, செவிலியரை ஈர்த்துத் தக்கவைத்த 41 மருத்துவமனைகளை ஆராய்ந்து, செவிலியரின் சொல்லைக் கேட்டு அவர்களுக்கு முடிவெடுக்கும் இடத்தைத் தந்த தலைமையே அவற்றின் பொதுப்பண்பு எனக் கண்டது. தமிழகத்தின் அனுபவமும் அதையே உறுதிசெய்கிறது: கடுஞ்சொல் பேசும் மேலதிகாரி ஒரு வார்டின் மனநிறைவைக் குலைக்கலாம், எதிர்பார்ப்பை வளர்த்துவிட்டுக் கைவிடும் நிர்வாகமோ ஒரு தலைமுறைச் செவிலியரின் நம்பிக்கையையே குலைத்துவிடுகிறது. நெருக்கடியில் அழைத்தவரை நெருக்கடி தீர்ந்தபின்னும் காப்பது அரசின் கடமை. அதில் தவறினால் அடுத்த பெருந்தொற்றின்போது அந்த இழப்பைச் சுமக்கப்போவது நோயாளிகளே.