பெட்டி பெட்டியாகத் தெரிந்த தமிழ்

இன்னைக்கு எபிசோட்ல ஒரு குட்டி வரலாறு. ஸ்மார்ட்போனுக்குள்ள தமிழ் எப்படி வந்துச்சுன்னு பார்க்கப் போறோம். அதுக்கு முன்னாடி என்னோட முதல் ஸ்மார்ட்போன் கதையைச் சொல்லிடறேன்.

2010. சென்னையில வேலைக்குச் சேர்ந்த புதுசு. சம்பளத்துல மிச்சம் பிடிச்சு ஒரு டச் ஸ்கிரீன் போன் வாங்கினேன். பாக்கெட்டுக்குள்ள கம்ப்யூட்டரே இருக்குங்கிற மிதப்பு எனக்கு.

ஊர்ல மாமா ஒரு பிரவுசிங் சென்டர் வெச்சிருந்தார். தாத்தா சொல்லச் சொல்ல, அவர் தமிழ்ல டைப் பண்ணி எனக்கு மெயில் அனுப்புவார். ஒரு வெள்ளிக்கிழமை அப்படி வந்த மெயிலைப் புது போன்ல திறந்தேன். வரிவரியா வெறும் கட்டம். ஒரு எழுத்துகூடத் தெரியல. சரி, திங்கட்கிழமை ஆபீஸ்ல பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்.

திங்கட்கிழமை படிச்சா, "ஞாயித்துக்கிழமை குலசாமி கோயில்ல பொங்கல் வைக்கிறோம். முடிஞ்சா வந்துட்டுப் போப்பா"ன்னு இருந்துச்சு. பதறிப்போய் ஊருக்கு போன் போட்டேன். தாத்தா திட்டல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "அவ்வளவு காசு போட்டு வாங்குன போனுக்குத் தமிழ் தெரியாதா?"

தெரியாதுதான். ஏன்?

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே, முதல் பதிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் போனில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கட்டம்தான் தெரியும். எழுத்துருவை மட்டும் போட்டாலும் போதாது. 'கெ' எழுதும்போது நாம கொம்பை முதல்ல போடறோம். கம்ப்யூட்டர் சேமிக்கிறதோ 'க' முதல்ல, கொம்பு அடுத்து. 'கொ' இன்னும் சிக்கல்: ஒரே குறி ரெண்டாப் பிரிஞ்சு, கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் போகணும். இதைச் சரியா அடுக்கிக் காட்ட ஒரு தனி மென்பொருள் வேணும். அது இல்லாத போன்ல கொம்பு இடம் மாறி நிற்கும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பட்டன் போன்ல தமிழ் முன்னாடியே வந்தாச்சு. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்', 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் அறிமுகமானது. அதை வெச்சுத் தமிழ்லயே எஸ்எம்எஸ் அனுப்ப முடிஞ்சுது. அஞ்சு வருஷம் கழிச்சு வந்த என் ஸ்மார்ட்போனுக்கு அது முடியல!

அப்போ எங்களை மாதிரி ஆர்வக்கோளாறுகளுக்குக் கைகொடுத்தது ஓப்பரா மினி. அதோட அட்ரஸ் பார்ல 'ஓப்பரா:கான்ஃபிக்'னு அடிச்சா ஒரு ரகசியப் பக்கம் திறக்கும். அதுல சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துரு வேணும்னு ஒரு ஆப்ஷன். அதை ஆன் பண்ணினா, ஓப்பராவோட சர்வரே தமிழைப் படமா மாத்தி அனுப்பும். அதாவது, போன் தமிழைப் படிக்கல, போட்டோதான் காட்டுச்சு. நண்பர்கள் ஒருத்தருக்கொருத்தர் இதைச் சொல்லிக் கொடுத்தே பல பேர் போன்ல தமிழ் படிச்சோம்.

2011 கடைசியில் வந்த ஆண்ட்ராய்ட் 4.0, தமிழ் எழுத்துருவோடு வந்தது. 2013-ல் ஐஓஎஸ் 7, தமிழ்99, அஞ்சல் என இரண்டு தமிழ் விசைப்பலகைகளையும் போனுக்குள்ளேயே கொடுத்தது. அதுவரை படிக்க மட்டும் இருந்த தமிழை, அப்புறம் எழுதவும் ஆரம்பிச்சோம்.

அடுத்த போன் வாங்கினதும் ஊருக்குப் போய், அந்தப் பழைய மெயிலைத் திறந்து தாத்தா கையில கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிதானமாப் படிச்சார். படிச்சு முடிச்சுட்டு, "ரெட்டைக் கொம்பு போட வேண்டிய இடத்துல உங்க மாமன் ஒத்தைக் கொம்பு போட்டிருக்கான்"னார்.

போன் சரியாத்தான் காட்டுச்சு. தப்பு மாமாவோடது!

உங்க முதல் போன்ல தமிழ் எப்படித் தெரிஞ்சுது? எங்களுக்கு எழுதுங்க, தமிழ்லயே. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.