மூன்று நிமிட ஏடுகள்: டியூக் எலிங்டனின் இசைத்தட்டுகள்

ஓர் இலக்கியத்தின் வரலாற்றை எழுதப் புகுபவர் முதலில் ஏடுகளைத் தேடுகிறார். எது மூலம், எது பிரதி, எந்தப் பிரதியில் எந்தச் சொல் மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஜாஸ் இசையின் வரலாற்றை எழுதுபவருக்கும் இதே வேலைதான். அவருடைய ஏடு கைதவறி விழுந்தால் உடைந்துபோகும் கறுப்பு அரக்குத் தட்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தப் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசை அடங்கும். நாகூர் ஹனிபாவின் குரலை இசைத்தட்டில் கேட்டு வளர்ந்த தலைமுறையினருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

ஜாஸ் இசைக்குத் தட்டு இன்றியமையாத ஆதாரமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த இசையின் பாதி தாளில் எழுதப்படுவதில்லை. பபர் மைலி என்ற ட்ரம்பெட் கலைஞர், கழுவுதொட்டி அடைப்பை நீக்கும் றப்பர்க் கிண்ணத்தைத் தன் வாத்தியத்தின் வாயில் வைத்துத் திறந்து மூடி, மனிதன் உறுமுவது போலவும் அழுவது போலவும் ஊதினார். அந்த ஓசைக்கு இசைக்குறியீடு கிடையாது. 1932இல் அவர் இளவயதில் இறந்தபோது, அந்த ஓசை தட்டுகளில் மாத்திரமே எஞ்சியது.

மைலி ஊதியது டியூக் எலிங்டனின் குழுவில். 1899 ஏப்ரல் 29இல் வொஷிங்டன் நகரில் பிறந்த எட்வர்ட் கென்னடி எலிங்டன், 1924 முதல் 1974 மே 24இல் இறக்கும் காலம்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு இசைத்தட்டுகளுக்காக வாசித்தார். பியானோ கலைஞர், குழுத்தலைவர், இசையமைப்பாளர் என்ற மூன்று பொறுப்புகளையும் ஒருவரே சுமந்தார். 1927 டிசம்பரில் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த 'கொட்டன் கிளப்'பில் அவரது குழு வாசிக்கத் தொடங்கியது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், மேசைகளில் வெள்ளையர்கள். அந்த விடுதியின் ஒழுங்கு அதுதான். அங்கிருந்து வானொலி வழியே சென்ற ஒலிபரப்புகளுக்கு அவ்வாறான வாசற்கதவு இல்லாமையால், எலிங்டனின் பெயர் நாடெங்கும் பரவியது.

சீட்டில் எழுதப்பட்ட பெயர்கள்

எலிங்டனின் ஆரம்பகாலத் தட்டுகளைச் சேகரிக்கத் தொடங்குபவர் முதலில் திகைப்படைவது பெயர்களில்தான். தட்டின் நடுச்சீட்டில் எல்லாவிடத்தும் எலிங்டன் என்று இருக்காது. பிரன்ஸ்விக் கம்பனியின் தட்டில் 'ஜங்கிள் பாண்ட்'. ஓகே கம்பனியின் தட்டில் 'ஹார்லெம் ஃபுட்வோர்மர்ஸ்'. மலிவுத் தட்டுகளில் 'வூப்பி மேக்கர்ஸ்'. இன்னும் சிலவற்றில் 'வொஷிங்டோனியன்ஸ்'. ஒரே குழு பல கம்பனிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தமையால் இந்தப் புனைபெயர்கள் தேவைப்பட்டன. எந்தப் பெயருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதைச் சேகரிப்பாளர்களே காதால் கேட்டும், தட்டில் பொறிக்கப்பட்ட எண்களை ஒப்பிட்டும் கண்டறிந்தார்கள். 1936இல் பாரிஸ் நகரில் சார்ள்ஸ் டெலோனே வெளியிட்ட ஜாஸ் இசைத்தட்டு விபரப்பட்டியல் இம்முயற்சியின் முன்னோடி. அமெரிக்கா தன் இசையைப் பட்டியலிட முன்னர், பிரான்ஸ் தேசத்து இரசிகர் ஒருவர் அதைச் செய்தார் என்பது கவனிக்கத்தக்கது.

பெயர் மறைந்தது குழுவுக்கு மாத்திரமல்ல. 'எலிங்டன் - மில்ஸ்' என்று பல சீட்டுகளில் காணலாம். அர்விங் மில்ஸ் எலிங்டனின் முகாமையாளர், இசை வெளியீட்டாளர்; பாடல்களின் உரிமையில் அவரும் பங்காளியாகச் சேர்ந்துகொண்டார். மறுபுறம், 'மூட் இண்டிகோ'வின் மெட்டில் பெரும்பங்கு கொண்ட கிளாரினெட் கலைஞர் பார்னி பிகார்டின் பெயர் ஆரம்பத்தில் இடம்பெறவில்லை. உழைப்பு யாருடையது, உரிமை யாருக்குப் போனது என்ற பழைய கேள்வியை இந்தச் சிறு வட்டச்சீட்டிலேயே வாசித்துவிடலாம். இதில் எலிங்டன் பறிகொடுத்தவர் மாத்திரமல்லர். தம் கலைஞர்களிடமிருந்து பெற்றுக்கொண்டவரும் கூட.

பாடபேதம்

'பிளக் அண்ட் டான் ஃபன்டசி' என்ற படைப்பை எலிங்டன் 1927ஆம் ஆண்டிலேயே மூன்று கம்பனிகளுக்குப் பதிவு செய்தார். ஏப்ரலில் பிரன்ஸ்விக், ஒக்டோபரில் விக்டர், நவம்பரில் ஓகே. முதலிரண்டிலும் ட்ரம்பெட் ஊதுபவர் மைலி. ஓகே பதிவில் அவர் இல்லை. இளைஞரான ஜபோ ஸ்மித் அவரிடத்தில் நிற்கிறார். மெட்டு ஒன்றே, அமைப்பும் ஒன்றே. எனினும் மைலியின் துயரம் கனத்து நிற்கும் இடத்தில் ஸ்மித்தின் ஊதலில் ஓர் எளிமையான ஓட்டம் வந்துவிடுகிறது. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்பது, ஒரு செய்யுளின் மூன்று ஏட்டுப் பிரதிகளை விரித்துவைத்து வாசிப்பதற்கு ஒப்பானது. ஒருவர் விலகினால் படைப்பே மாறிவிடும் என்பதை எலிங்டன் நன்கறிந்திருந்தார். ஆகவேதான் அவர் வாத்தியத்துக்கு எழுதாமல் ஆளுக்கு எழுதினார். பாரிட்டோன் சக்ஸபோன் கலைஞர் ஹரி கார்னி 1927இல் சேர்ந்து 1974 வரை அவருடனேயே இருந்தார் என்பது இந்த உறவின் ஆழத்தைக் காட்டும்.

மூன்று நிமிட வரையறை எலிங்டனுக்கு விலங்காகவும் இருந்தது, யாப்பாகவும் இருந்தது. வெண்பாவின் நான்கடிக்குள் ஒரு உலகை அடக்குவது போல, அவர் தட்டின் ஒரு பக்கத்துக்குள் ஒரு முழுப்படைப்பை அடக்கினார். 1930 ஒக்டோபரில் பதிவான 'மூட் இண்டிகோ' இதற்குத் தக்க சான்று. வழக்கமாக மேலே ஒலிக்கும் கிளாரினெட்டைக் கீழ்ஸ்தாயிக்கு இறக்கி, கீழே ஒலிக்கும் ட்ரொம்போனை மேலே ஏற்றி, அடைப்பிட்ட ட்ரம்பெட்டுடன் மூன்றையும் மென்மையாக ஒலிக்கச் செய்தார். அந்நாளைய நடனக்குழு எதிலும் கேட்டிராத நிறம் அது. மலிவான கருவியில் கேட்டாலும் அந்த நிறம் வெளுப்பதில்லை.

யாப்பு போதாதபோது அதை மீறினார். 1931இல் 'கிரியோல் ராப்சடி' தட்டின் இரு பக்கங்களுக்கும் நீண்டது. தாயின் மறைவுக்குப் பின் 1935இல் எழுதிய 'ரெமினிஸிங் இன் டெம்போ' நான்கு பக்கங்களைப் பிடித்தது. துயரத்தின் நடுவே மும்முறை எழுந்து ஊசியைத் தூக்கவேண்டிய நிலை. 1937இல் வந்த 'டிமினியுவெண்டோ', 'கிரெசெண்டோ' என்ற இரட்டைப் படைப்பு ஒரே தட்டின் முன்பக்கமும் பின்பக்கமுமாக அமைந்தது. இந்தத் தட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதனிடம் மீண்டும் வரவேண்டியுள்ளது.

அரக்கும் போரும்

சேகரிப்பாளர்கள் பெரிதும் விரும்புவது 1940 முதல் 1942 வரையிலான விக்டர் தட்டுகளையே. பில்லி ஸ்ட்ரேஹோர்ன் இசையமைப்பிலும், ஜிம்மி பிளான்டன் டபுள் பாஸிலும், பென் வெப்ஸ்டர் டெனர் சக்ஸபோனிலும் துணைநின்ற காலம் அது. 1940 மார்ச்சில் 'கோ-கோ', மே மாதத்தில் 'கொட்டன் டெய்ல்', 1941 பெப்ரவரியில் ஸ்ட்ரேஹோர்னின் 'டேக் தி ஏ ட்ரெய்ன்' என்று ஒன்றையொன்று விஞ்சும் பதிவுகள். கடைசிப் படைப்புக்குப் பின்னால் ஒரு வழக்கும் உண்டு. 1941இன் தொடக்கத்தில் இசையமைப்பாளர் சங்கத்துக்கும் வானொலி நிலையங்களுக்குமிடையே கட்டணப் பிணக்கு ஏற்பட, சங்க உறுப்பினரான எலிங்டனின் படைப்புகளை வானொலியில் வாசிக்க முடியாது போயிற்று. சங்கத்தில் இல்லாத ஸ்ட்ரேஹோர்ன் புதியவற்றை எழுதிக் குவித்தார். அந்த நெருக்கடியே குழுவின் அடையாள இசையை நமக்குத் தந்தது. பாஸ் வாத்தியத்துக்கே புதிய மொழி கொடுத்த பிளான்டன், காசநோயால் 1942இல் இறந்தபோது வயது 23.

இந்தத் தட்டுகள் செய்யப்பட்ட அரக்கு எங்கள் பக்கத்துச் சரக்கு. சோட்டா நாக்பூர் முதலிய இந்தியப் பகுதிகளின் மரங்களில் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அது. ஆசியாவில் போர் பரவ, அரக்கு வருவது அரிதாகியது. 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு இசைத்தட்டுகளுக்கான அரக்கைப் பெருமளவு வெட்டியது. பழைய தட்டுகளைத் திரும்பப் பெற்று நொறுக்கிப் புதியன செய்தார்கள். அவ்வாறு அரைபட்டவற்றில் எத்தனை அரிய பதிவுகள் போயின என்று எவர் கணக்கெடுத்தார்?

அதே ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி முதல் இசைக்கலைஞர் சங்கம் பதிவுப் பகிஷ்கரிப்பில் இறங்கியது. விக்டர் கம்பனி 1944 நவம்பரில்தான் இணங்கியது. இந்த இடைவெளிக்குள், 1943 ஜனவரி 23ஆம் திகதி, நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் எலிங்டன் தன் மிகப்பெரிய படைப்பை அரங்கேற்றினார். 'பிளக், பிரவுண் அண்ட் பேஜ்' என்ற அது, அமெரிக்கக் கறுப்பின மக்களின் அடிமைக்காலம் முதலான வரலாற்றை ஏறத்தாழ முக்கால் மணிநேர இசையாகச் சொன்னது. விமர்சகர் பலர் கைவிரித்தனர். 1944 டிசம்பரில் அதன் பகுதிகள் மாத்திரம் நான்கு பக்கங்களில், பதினெட்டு நிமிடங்களாகப் பதிவாயின. அரங்கேற்ற இரவின் பதிவு 1977இல்தான் தட்டாக வெளிவந்தது. எலிங்டன் இறந்து மூன்று ஆண்டுகளின் பின். ஒரு மக்களின் வரலாறு முப்பத்துநான்கு ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தது.

காத்தவர்கள்

கம்பனிகள் விட்டதை இரசிகர்கள் காத்தார்கள். 1940 நவம்பர் 7ஆம் திகதி, வட டகோட்டாவின் ஃபார்கோ நகர நடனமண்டபம் ஒன்றில் ஜக் டவர்ஸ், டிக் பரிஸ் என்ற இரு இளைஞர்கள், தட்டில் நேரடியாகக் கீறிப் பதியும் கருவியுடன் போய் முழு இரவையும் பதிந்தார்கள். பிளான்டனும் வெப்ஸ்டரும் மூன்று நிமிடக் கட்டுப்பாடின்றி ஒலிப்பதை அங்கேதான் கேட்கலாம். 1978இல் முறைப்படி வெளியான அது பின்னர் கிராமி விருதும் பெற்றது.

இன்னொன்று கதை போலிருக்கும். 1932 பெப்ரவரியில் விக்டர் கம்பனி, பாதுகாப்புக்காக ஒரே வாசிப்பை இரண்டு ஒலிவாங்கிகள் மூலம் இரண்டு கருவிகளில் தனித்தனியே பதிந்தது. இரண்டும் வெளியுலகுக்கு வந்தன. அரை நூற்றாண்டு கழித்து, 1980களில், ஸ்டீவன் லஸ்கர், பிரட் கே ஆகிய சேகரிப்பாளர்கள் அவ்விரு தட்டுகளையும் ஒருங்கே ஓடவிட்டுப் பார்த்தனர். ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் அமைய, குழு அறைமுழுவதும் பரந்து ஒலித்தது. எவரும் திட்டமிடாத ஸ்டீரியோ! ஒரே பாடலின் 'இரண்டாம் பிரதி எதற்கு' என்று கேட்போருக்கு இதைவிட நல்ல விடை கிடைக்காது.

இனி அந்த 1937ஆம் ஆண்டுத் தட்டு. 1956 ஜூலை 7ஆம் திகதி நியூபோர்ட் விழாவில் எலிங்டன் அதன் இரு பாகங்களையும் வாசித்தார். ஒருகாலத்தில் தட்டைத் திருப்பிப்போட எழுந்த அந்த இடைவெளியில், போல் கொன்சால்வஸ் டெனர் சக்ஸபோனில் 27 சுற்றுகள் தனித்து ஊதினார். கூட்டம் எழுந்து ஆடியது. மங்கிக்கொண்டிருந்த குழுவுக்கு மறுபிறவி கிடைத்தது. ஆனால் அவர் ஊதியது கொலம்பியாவின் ஒலிவாங்கியில் அல்ல, 'வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா' வானொலியின் ஒலிவாங்கியில். அன்று விற்பனைக்கு வந்த எல்.பி. தட்டின் பெரும்பகுதி, பின்னர் கலையகத்தில் வாசித்துக் கைதட்டல் சேர்க்கப்பட்டது. வானொலியின் நாடா கண்டெடுக்கப்பட்டு, இரண்டும் இணைந்த உண்மை இரவு 1999இல் வெளியாயிற்று.

கொழும்புவரை வந்த குழு

1963 செப்டெம்பரில் அமெரிக்க வெளிநாட்டமைச்சு எலிங்டன் குழுவை நல்லெண்ணத் தூதாக அனுப்பியது. டமஸ்கஸ், அம்மான், காபூல், இந்திய நகரங்கள், எங்கள் கொழும்பு, பாகிஸ்தான், ஈரான், பக்தாத் என்று அப்பயணம் நீண்டது. முஸ்லிம் நாடுகள் பலவற்றில் 'சுதந்திர அமெரிக்கா'வின் முகமாக ஒரு கறுப்பினக் குழு மேடையேறியது. அதே செப்டெம்பர் 15ஆம் திகதி, அலபாமாவின் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் வெடித்த குண்டுக்கு நான்கு கறுப்பினச் சிறுமிகள் பலியானார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்தத் தூதின் கசப்பு விளங்கும். நவம்பரில் ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட, பயணம் இடையில் நின்றது.

அதன் விளைவே 1966 டிசம்பரில் பதிவான 'ஃபார் ஈஸ்ட் சூட்'. டில்லியின் மைனாவும் ஆக்ராவும் லெபனானின் ஹரிசா மலையும் அதில் உண்டு. 'அமத்' என்ற பகுதியில் லோரன்ஸ் பிரவுணின் ட்ரொம்போன் நீண்டொலிப்பதைப் பாங்கோசையுடன் ஒப்பிட்டுப் பேசுவோர் உளர். ஜொனி ஹொட்ஜஸின் சக்ஸபோன் உருகும் 'இஸ்ஃபஹான்', ஸ்ட்ரேஹோர்ன் அந்நகரைக் காணுமுன்னரே வேறு பெயரில் எழுதியது என்பது சுவையான செய்தி. இலங்கையின் பெயரில் ஒரு பகுதியும் அதில் இல்லை. அதனாலென்ன? தட்டுகளுக்கு அரக்குத் தந்த நிலப்பரப்பு, தட்டிலிருந்த மனிதரை ஒருமுறை நேரில் கண்டது.

இன்று இவையெல்லாம் கணினியில் இலகுவாகக் கிடைக்கின்றன. ஆயினும் பழைய தட்டு கைக்கு வந்தால் விட்டுவிடாதீர்கள். மதுசாரம் கொண்டு துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். எல்.பி. தட்டின் ஊசியை வைக்காதீர்கள். 78இன் வரிப்பள்ளம் அதைவிட மூன்று மடங்கு அகன்றது. சீட்டில் உள்ள பெயரை வாசியுங்கள். அதைச் சுற்றிய எண்ணைக் குறித்துவையுங்கள். 1965இல் எலிங்டனுக்குச் சிறப்பு விருது வழங்குமாறு புலிட்சர் நடுவர்கள் பரிந்துரைக்க, சபை மறுத்தது. நடுவர் இருவர் பதவி துறந்தனர். 1999இல், பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, அதே சபை விருதை அளித்தது. அதற்கு வெகுகாலம் முன்பே யாரோ ஒரு வீட்டில், தேய்ந்த தட்டொன்றைத் துடைத்துச் சுழலவிட்டவர்கள் தம் தீர்ப்பை வழங்கியிருந்தார்கள்.