வாக்காளர் நுண்ணிலக்குப் பரப்புரை

வாக்காளர் ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியே திரட்டிய தரவைக் கொண்டு, யாரை அணுகுவது, அவரிடம் எதைப் பேசுவது, யாரை விட்டுவிடுவது என்று கட்சிகள் முடிவுசெய்யும் தேர்தல் உத்தி. ஊரையோ இனத்தையோ மொத்தமாக நோக்கிப் பேசிய பழைய பரப்புரையிலிருந்து இது வேறானது. இன்றைய வடிவில் இது வளர்ந்தது அமெரிக்காவில்.

முகநூலில்தான் இது பிறந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் இதன் அடித்தளம் அரசே பராமரிக்கும் வாக்காளர் பட்டியல். 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் புளோரிடாவில் வாக்கு எண்ணிக்கையில் நேர்ந்த குழப்பத்தை அடுத்து, 2002இல் இயற்றப்பட்ட சட்டம் மாநிலந்தோறும் கணினிப் பட்டியலைக் கட்டாயமாக்கியது. வாக்காளரின் பெயரும் முகவரியும் அதில் இருக்கும். எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தார் என்பதும் இருக்கும். யாருக்கு வாக்களித்தார் என்பது மட்டும் இருக்காது. பல மாநிலங்களில் கட்சிச் சார்பும், புளோரிடா, ஜார்ஜியா, வட கரோலினா போன்ற தென்மாநிலங்களில் இனமும் பதிவாகின்றன. தரவு வணிகர்களிடம் வாங்கும் நுகர்வு விவரங்களையும், வீடுவீடாகச் சென்ற தொண்டர்கள் குறித்துவந்த பதில்களையும் கட்சிகள் இதனுடன் இணைக்கின்றன. அரசியலறிஞர் ஈட்டன் ஹெர்ஷ் 2015இல் வெளியிட்ட ஆய்வு நூல், கடையில் வாங்கும் விவரங்களைவிட இந்தப் பொதுப் பதிவேடே கட்சிகளுக்கு அதிகம் பயன்படுகிறது என்று காட்டியது.

இப்படி இணைத்த கோப்பிலிருந்து கட்சியினர் சில ஆயிரம் பேரிடம் தொலைபேசியில் கருத்துக் கேட்கிறார்கள். அந்தப் பதில்களுக்கும் கோப்பிலுள்ள விவரங்களுக்கும் இடையிலான தொடர்பைக் கணித்து, கேட்கப்படாத கோடிக்கணக்கானோருக்கும் பொதுவாக 0 முதல் 100 வரை மதிப்பெண் இடுகிறார்கள். ஆதரிப்பாரா என்பதற்கு ஒன்று, வாக்களிக்க வருவாரா என்பதற்கு மற்றொன்று. ஆதரவு 95, வருகை 30 என்றால் அவருக்குத் தேவை நினைவூட்டல். ஆதரவு 50, வருகை 90 என்றால் வாதம். ஆதரவு 10 என்றால் அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டமாட்டார்கள்.

2004இல் ஜார்ஜ் புஷ் அணிக்கு அலெக்சாண்டர் கேஜ் இம்முறையை அமைத்துக் கொடுத்தார். 2012இல் சிகாகோவில் இயங்கிய ஒபாமாவின் தலைமையகத்தில், டேன் வாக்னர் தலைமையில் 54 பேர் கொண்ட பகுப்பாய்வுக் குழுவே இருந்தது. தொலைக்காட்சிப் பார்வைத் தரவைத் தங்கள் வாக்காளர் பட்டியலோடு பொருத்தி, பிறர் சீந்தாத மலிவான நேரங்களில் விளம்பரம் வாங்கியது அதன் பெரிய சாதனை.

எது பலிக்கிறது என்பதைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம், அரசியலறிஞர்கள் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் இருவரும் 1998இல் நியூ ஹேவனில் நடத்திய கள ஆய்விலிருந்து வலுப்பெற்றது. வாசலில் நின்று நேரில் பேசினால் வாக்களிக்க வருவோர் கூடுவது அதில் தெரிந்தது. தொலைபேசி அழைப்பால் அப்பயன் தென்படவில்லை. 2006இல் மிச்சிகன் மாநிலத்தில் 1,80,000 வீடுகளைக் கொண்டு நடந்த சோதனை மனத்தைக் கலங்கச் செய்வது. ஒரு பகுதியினருக்கு வந்த கடிதத்தில், அவர்களும் அண்டை வீட்டாரும் முந்தைய தேர்தல்களில் வாக்களித்தார்களா என்பது பெயரோடு அச்சாகியிருந்தது. தேர்தல் முடிந்ததும் புதிய பட்டியல் எல்லோருக்கும் வரும் என்ற அறிவிப்பும் இருந்தது. அக்கடிதம் பெற்றவர்களிடையே வாக்குப்பதிவு 8.1 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தது. அக்கம்பக்கத்தார் முன் தலைகுனிய நேருமோ என்ற அச்சம் அந்த அளவுக்கு வேலைசெய்தது. எல்லாம் பொதுப் பதிவேட்டில் இருந்தவைதான். ஆனாலும் ஒருவரின் குடிமைக் கடமையை அண்டை வீட்டாரின் பார்வைக்கு வைத்து மிரட்டுவது நியாயமாகாது.

மனத்தை மாற்றுவது வேறு கதை. ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் இருவரும் 49 கள ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் கண்டது: பொதுத்தேர்தல்களில் வாக்காளர் யாரைத் தேர்வுசெய்கிறார் என்பதில் பரப்புரையின் சராசரி விளைவு ஏறத்தாழப் பூச்சியம்.

ஏறக்குறைய 2,70,000 பேர் நிறுவிய ஒரு செயலியின் வழியே 8.7 கோடிப் பேர்வரையிலான முகநூல் தரவு கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போனது 2018 மார்ச்சில் அம்பலமானது. தரவு பறிபோனது உண்மையான அநீதி. ஆளுமையை அளந்து மனங்களை வென்றதாக அந்நிறுவனம் சொல்லிக்கொண்டதற்கு உறுதியான சான்று இல்லை.

இம்முறையின் ஆழமான பாதிப்பு விடுபடுதலில்தான் இருக்கிறது. அடிக்கடி வீடு மாறும் வாடகைக் குடும்பத்தினர், பதிவே செய்யாத இளைஞர்கள், இதுவரை வாக்களிக்காத ஏழைகள் ஆகியோர் கோப்பில் மங்கலாகவே தெரிகின்றனர்; ஆகவே அவர்களைத் தேடி வருவோர் குறைவு. யாரும் வராததால் அடுத்த தேர்தலிலும் அவர்களின் மதிப்பெண் தாழ்ந்தே இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 அக்டோபர் 10 முதல் இணைய அரசியல் விளம்பரங்களில் தனிநபர் தரவைப் பயன்படுத்தக் கடும் வரம்பு விதித்துள்ளது. அமெரிக்காவில் அதற்கு ஈடான கூட்டாட்சிச் சட்டம் இல்லை.